கடற்பறவைகளின் துணைத் தேர்வும் குஞ்சு வளர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்பறவைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "அதுங்க ஆயுசு முழுக்க ஒரே ஜோடியாமே, உண்மையா?" என்பதுதான். ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதி உண்மைதான் சொன்னோம் என்று தோன்றும். அந்தக் கேள்வியையும் அதை ஒட்டி வழக்கமாக வரும் மற்றவற்றையும் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கடற்பறவைகள் ஏன் ஜோடியாகவே குஞ்சு வளர்க்கின்றன?

முட்டை நிலத்தில் இருக்கிறது, சாப்பாடு கடலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில நேரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். முட்டையை விட்டு எழுந்து போனால் அது குளிர்ந்துவிடும், அல்லது பக்கத்தில் காத்திருக்கும் ஸ்குவா என்ற முட்டை திருடும் பறவையோ கடற்காகமோ தூக்கிக்கொண்டு போய்விடும். எழாமலே உட்கார்ந்திருந்தால் அடைகாக்கும் பறவை பட்டினியில் மெலிந்துவிடும். தனியாக ஒரு பறவையால் இதைச் சமாளிக்க முடியாது.

அதனால் முறை வைத்து மாறிக்கொள்கின்றன. நீண்ட சிறகுள்ள பெரிய கடற்பறவையான வாண்டரிங் ஆல்பட்ராஸின் ஒற்றை முட்டை பொரிய ஏறக்குறைய 78 நாள் ஆகும். அத்தனை நாளும் ஒன்று உட்கார்ந்திருக்கும், மற்றது கடலில் இரை தேடும். போன பறவை திரும்பி வர ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பொரிந்த குஞ்சு பறக்க இன்னும் ஒன்பது மாதம் பிடிக்கும். ஒரு குஞ்சை ஆளாக்குவதற்குள் ஓராண்டு முடிந்துவிடுவதால், இந்தப் பறவை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் முட்டையிடுகிறது.

கடற்பறவையின் துணைத் தேர்வை இந்த முறை மாற்றும் வேலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நிறம், நடனம், குரல் எல்லாம் நம் கண்ணுக்கு அழகு. அந்தப் பறவைக்கோ அவை எல்லாமே ஒரே கேள்விக்கான பதில்: இது போனால் நேரத்துக்குத் திரும்பி வருமா?

அந்த முறை மாற்றம் எப்படி நடக்கும்?

ஆல்பட்ராஸ் கூட்டருகே நடப்பதைச் சொல்கிறேன். கடலிலிருந்து வந்த பறவை உடனே கூட்டில் ஏறாது. பக்கத்தில் வந்து நின்று குரல் கொடுக்கும், உட்கார்ந்திருப்பது பதில் குரல் கொடுக்கும். அப்புறம் ஒன்றின் கழுத்திறகை மற்றது அலகு நுனியால் மெல்லக் கோதிவிடும். பட்டினியோடு உட்கார்ந்திருக்கும் பறவை துள்ளி எழுந்து கடலுக்கு ஓடிவிடும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அதற்கு எழவே மனம் வராது. வந்த பறவை உடம்பால் ஒட்டி ஒட்டித் தள்ளும். கடைசியில் அது எழுந்து விலகும்போது முட்டை சில நொடிகள் வெட்டவெளியில் தெரியும். உடனே மற்றது கூட்டுக்குள் கால் வைத்து, வயிற்று இறகை விலக்கி, இறகில்லாத சூடான தோலை முட்டை மேல் படியவைத்து, உடம்பை இடமும் வலமும் அசைத்துச் சரிசெய்துகொண்டு உட்காரும். முட்டைக்கு ஆபத்தானது அந்தச் சில நொடிகள்தான். பல ஆண்டுகள் சேர்ந்திருக்கும் ஜோடி இதைச் செய்வதைப் பார்த்தால் பழகிய கைகள் வேலை செய்வது போல இருக்கும்.

துணையைத் தேர்ந்தெடுப்பது ஆணா, பெண்ணா?

மயில் போன்ற பறவைகளில் ஆண் ஆடும், பெண் தேர்ந்தெடுக்கும். ஆணுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. கடற்பறவைகளில் இருவருக்குமே சுமை சமம் என்பதால் இருவருமே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரித்தறிவது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இருபாலரிடமும் அலங்காரம் இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியது கொண்டை ஆக்லெட் என்ற சின்னப் பறவை. வட பசிபிக் தீவுகளில் வாழ்வது. நெற்றியிலிருந்து முன்பக்கமாக வளைந்து விழும் கொண்டை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கொண்டையின் நீளத்தை மாற்றிச் செய்த பொம்மைப் பறவைகளை ஆய்வாளர்கள் கூட்டத்தின் நடுவே வைத்துப் பார்த்தார்கள். 1993-இல் வெளியான முடிவு இது: நீளக் கொண்டை வைத்த ஆண் பொம்மையிடம் பெண்கள் அதிகம் கொஞ்சின, நீளக் கொண்டை வைத்த பெண் பொம்மையிடம் ஆண்களும் அப்படியே. இந்த ஆக்லெட்டுக்கு இன்னொரு விசேஷமும் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் உடம்பிலிருந்து ஆரஞ்சுப் பழத் தோலை உரித்தது போன்ற வாசனை வரும். ஜோடி சேரும்போது ஒன்றின் பிடரி இறகுக்குள் மற்றது அலகை நுழைத்து முகர்ந்து பார்க்கும்.

எதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன?

இனத்துக்கு இனம் மாறும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நீலக்கால் பூபி என்ற கடற்பறவை. ஆண் பறவை பெண்ணுக்கு முன்னால் வந்து ஒரு காலைத் தூக்கிக் காட்டும், வைக்கும், அடுத்த காலைத் தூக்கிக் காட்டும். சும்மா அழகுக்காக அல்ல. அந்தக் கால் சவ்வின் பளிச்சென்ற நிறத்துக்கு, மீனிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமி வேண்டும். மெக்சிகோவின் இசபெல் தீவில் செய்த ஆய்வில், 48 மணி நேரம் தீனி இல்லாவிட்டாலே கால் நிறம் மங்கிவிடுவது தெரிந்தது. அதாவது இந்த வாரம் ஒழுங்காக மீன் பிடித்ததா என்று காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதே தீவில் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். பெண் முதல் முட்டை இட்டதும் ஆணின் காலில் மங்கலான நிறத்தைப் பூசிவிட்டார்கள். அந்தப் பெண்கள் இட்ட இரண்டாவது முட்டை சிறியதாக இருந்தது. ஜோடி சேர்ந்து முட்டையும் இட்ட பிறகும் பெண் தன் துணையை எடைபோட்டுக்கொண்டேதான் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆலாக்களில் சோதனை இன்னும் நேரடியானது. ஆண் ஆலா மீனை அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு வந்து பெண்ணுக்குக் கொடுக்கும். முட்டையிடுவதற்கு முந்தைய நாட்களில் பெண் பெரும்பாலும் ஆண் கொண்டுவரும் மீனை நம்பியே இருக்கும். அந்த நாட்களில் அதிக மீன் கொடுத்த ஆணின் துணை கனமான முட்டைகளை இட்டது. அந்த ஆணே பின்னால் குஞ்சுகளுக்கும் நன்றாக இரை ஊட்டியது. இது 1973-இல் வெளியான ஆய்வு. காதல் பரிசு என்று நாம் சொல்லிவிடுகிறோம், ஆனால் வேலைக்கு எடுப்பதற்கு முன் வைக்கும் தேர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரவில் மட்டும் கரைக்கு வரும் பெட்ரல், பிரியன் போன்ற பறவைகளுக்கு நிறத்தால் பயனில்லை. அங்கே குரலும் வாசனையும்தான். தென் இந்தியப் பெருங்கடலின் கெர்கெலன் தீவில் அண்டார்டிக் பிரியன்களை வைத்து நடந்த சோதனையில், இரண்டு வழிகள் பிரியும் ஒரு கூண்டில் ஒரு பக்கம் துணையின் வாசனை, மறுபக்கம் வேறொரு பறவையின் வாசனை வைத்தார்கள். பெரும்பாலானவை துணையின் வாசனை வந்த பக்கமே போயின. நீலப் பெட்ரல்களிலோ, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் தன்னிடமிருந்து வேறுபட்டிருக்கும் துணையோடு சேரும் போக்கு தெரிகிறது. நெருங்கிய உறவோடு சேராமல் தப்பிக்க இது உதவும்.

ஆல்பட்ராஸ் ஆண்டுக்கணக்கில் நடனமாடுவது எதற்கு?

இளம் ஆல்பட்ராஸ் கடலில் சில ஆண்டுகள் கழித்துவிட்டுத் தீவுக்குத் திரும்பும். வந்ததும் முட்டையிடாது. பல பேரோடு ஆடிப் பார்க்கும். அலகைத் தட்டுவது, தலையை வானத்துக்கு நீட்டிக் கூவுவது, சிறகை விரிப்பது, குனிந்து தன் தோள் இறகைத் தொடுவது என்று அசைவுகள் பல. ஒன்று செய்ததற்கு மற்றது உடனே ஏற்ற அசைவைக் காட்ட வேண்டும். ஆண்டுகள் போகப் போக ஆடும் துணைகளின் எண்ணிக்கை குறைந்து கடைசியில் ஒன்றில் நிற்கும். வாண்டரிங் ஆல்பட்ராஸ் முதல் முட்டை இடும்போது பெரும்பாலும் பத்து வயதை ஒட்டி இருக்கும்.

இவ்வளவு நிதானம் எதற்கு என்றால், தவறான துணை அமைந்தால் போவது ஒரு முட்டையோடு நிற்காது, இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும். ஜோடி நிலைத்த பிறகு ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். கொஞ்சம் கோதிவிடுவது, ஒரு குரல், அவ்வளவுதான்.

சரி, வாழ்நாள் முழுவதும் ஒரே துணைதானா?

சிலவற்றில் ஏறக்குறைய ஆமாம், சிலவற்றில் இல்லவே இல்லை. ஆல்பட்ராஸ்களில் ஆண்டுக்குப் பிரியும் ஜோடிகள் நூற்றுக்கு மிகச் சில. மறுமுனையில் எம்பரர் பென்குயின் இருக்கிறது. அதில் அடுத்த ஆண்டும் அதே துணையோடு சேருபவை நூற்றுக்குப் பதினைந்துதான். கிங் பென்குயினிலும் பெரும்பாலான ஜோடிகள் ஒவ்வொரு முறையும் மாறிவிடுகின்றன.

இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எம்பரரின் நிலைமையைப் பாருங்கள். அதற்குக் கூடு கிடையாது. முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு பனிக்கட்டியில் நிற்கிறது. "போன வருஷம் நின்ற இடத்தில் சந்திக்கலாம்" என்று சொல்ல ஓர் இடமே இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகள் நடுவே பழைய துணை வருமா என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பட்டினி நாள். ஆண் பறவை முட்டையோடு நிற்கும் இரண்டு மாதத்துக்கும் மேலான காலம் முழுக்க எதுவும் சாப்பிடாது. உடம்புக் கொழுப்பைக் காத்திருப்பதிலேயே கரைத்துவிட்டால் அடைகாக்க மிச்சம் இருக்காது. அதனால் பக்கத்தில் தயாராக இருக்கும் பறவையோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு பருவத்துக்குள் அந்த ஜோடி உறுதியாகத்தான் இருக்கிறது.

பல மாதம் பிரிந்திருந்து மறுபடி எப்படிச் சந்திக்கின்றன?

கூடு இருக்கும் இனங்களில் கூடுதான் முகவரி. இரண்டும் கடலில் சேர்ந்து திரிவதில்லை. தனித்தனியாகப் போய், அடுத்த பருவத்தில் அதே வளைக்கோ அதே பாறை விளிம்புக்கோ வந்து சேருகின்றன. துணை மேல் உள்ள பிடிப்பு எவ்வளவு, இடத்தின் மேல் உள்ள பிடிப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர்களுக்கே எளிதல்ல.

ஜோடிகள் ஏன் பிரிகின்றன?

முதல் காரணம் தோல்வி. இதை நன்றாகக் காட்டியவர் பறவை ஆய்வாளர் ஜான் கோல்சன். இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸ் நகரில், டைன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு கிடங்கின் ஜன்னல் விளிம்புகளில் கிட்டிவேக் என்ற சிறிய கடற்காகங்கள் கூடு கட்டியிருந்தன. 1954 முதல் அவற்றுக்கு வளையம் போட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். முட்டை பொரியாமல் போன ஜோடிகளே அடுத்த ஆண்டு அதிகம் பிரிந்தன. பழைய துணையோடு சேர்ந்த பெண்கள் சீக்கிரம் முட்டையிட்டன, அதிகம் முட்டையிட்டன, அதிகக் குஞ்சுகளை வளர்த்தன. இரண்டு பறவைகளுக்கும் முறை மாற்றுவதில் ஒத்துப்போகவில்லை என்றால் முட்டை கெடும். அந்தத் துணையைவிட்டு விலகுவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் கடல். பாக்லாந்து தீவுகளில் ஒன்றான நியூ ஐலண்டில் கரும்புருவ ஆல்பட்ராஸ்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021-இல் வந்தது. கடல் வெப்பம் கூடிய ஆண்டுகளில் பிரிவும் கூடியது. சாதாரண ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று ஜோடிகள் பிரிந்தால், வெப்பம் கடுமையான ஆண்டில் எட்டு வரை போனது. என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று: முந்தைய பருவத்தில் நன்றாகக் குஞ்சு வளர்த்த பெண்களும் இப்படி விலகின. வெதுவெதுப்பான கடலில் இரை குறைவு, இரை தேடி வெகுதூரம் போக வேண்டும், திரும்பத் தாமதமாகும், உடம்பும் சோர்ந்துவிடும். அந்தச் சோர்வுக்கான பழியைப் பெண் தன் துணை மேல் போடுகிறதோ என்று ஆய்வாளர்கள் ஓர் ஊகத்தை வைத்தார்கள். அது ஊகம்தான், ஆனால் ஒதுக்கிவிட முடியாத ஊகம்.

மூன்றாவது, இன்னொருவர் வந்து பிடுங்கிக்கொள்வது. தென் இந்தியப் பெருங்கடலின் குரோசே தீவுகளில் வாண்டரிங் ஆல்பட்ராஸ் ஆண்கள் பெண்களைவிட அதிகம். துணையில்லாத ஆண்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அங்கே ஒவ்வொரு பறவையின் சுபாவத்தையும் அளந்து பார்த்ததில், கூச்ச சுபாவமுள்ள ஆண்களின் ஜோடிகள் அதிகம் பிரிந்தது தெரிந்தது. வம்புக்கு வரும் ஆணை எதிர்த்து நிற்காமல் ஒதுங்கிவிடுவதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பிரிவதால் நன்மை உண்டா?

முதல் ஆண்டில் பெரும்பாலும் நஷ்டம். புதிய துணையோடு பழக நாள் ஆகும், முட்டை தாமதமாகும். தாமதமான முட்டையின் குஞ்சு இரை அதிகம் கிடைக்கும் காலத்தைத் தவறவிடும். சில பறவைகள் அந்த ஆண்டு முட்டையே இடாது. பிறகு நல்ல துணை அமைந்தால் ஈடுகட்டலாம். பிரிந்து போனதற்கும், பிரிக்கப்பட்டதற்கும் ஒரே விளைவு இருக்காது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் சிறிய பென்குயின்களைப் பதின்மூன்று பருவங்கள் பார்த்ததில், பிரிவு அதிகமாக இருந்த பருவங்களில் மொத்தக் குடியிருப்பின் (பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தின்) குஞ்சு எண்ணிக்கையும் குறைந்திருந்தது.

துணை இறந்துவிட்டால்?

சில காலம் வந்து காத்திருக்கும். அப்புறம் புதிய துணை தேடும். ஆல்பட்ராஸுக்கு இது பல ஆண்டுகள் பிடிக்கலாம், ஏனென்றால் நடனத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

விஸ்டம் என்ற லேசான் ஆல்பட்ராஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1956-இல் பசிபிக் கடலின் மிட்வே தீவில் பறவை ஆய்வாளர் சாண்ட்லர் ராபின்ஸ் அதன் காலில் வளையம் போட்டார். அப்போதே அது முட்டையிடும் வயதில் இருந்தது. அதை வைத்து 1951 வாக்கில் பொரிந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 2002-இல் அதே தீவில் அவரே அதை மறுபடி கையில் பிடித்தார். நெடுங்காலத் துணை சில ஆண்டுகளாகக் கண்ணில் படாமல் போன பிறகு, 2024 இறுதியில் எழுபதைத் தாண்டிய வயதில் வேறொரு ஆணோடு சேர்ந்து முட்டையிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கூட்டில் வளரும் குஞ்சு அந்த ஆணின் குஞ்சுதானா?

பெரும்பாலும் ஆம். குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பறவைகளோடு இணைசேருவது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மரபணுச் சோதனையில் வேறு தந்தையின் குஞ்சு கிடைப்பது பல கடற்பறவைகளில் அரிது. ஃபுல்மார் என்ற கடற்பறவையில் அப்படி ஒன்றுகூடக் கிடைக்காத ஆய்வு உண்டு. கலாபகோஸின் எஸ்பனோலா தீவில் முட்டையிடும் வேவ்டு ஆல்பட்ராஸ் விதிவிலக்கு. அங்கே சோதித்த குடும்பங்களில் நான்கில் ஒன்றில் குஞ்சின் தந்தை வேறு.

ஏன் இவ்வளவு குறைவு என்றால், தன் குஞ்சா என்று சந்தேகம் வந்து ஆண் கைவிட்டால் முட்டை முழுதாகப் போய்விடும். பெண்ணுக்கு அந்த ஆபத்தை ஏற்பது கட்டுப்படியாகாது. இது பலர் ஏற்கும் விளக்கம், எனக்கும் சரியாகவே படுகிறது.

இரண்டு பெண்கள் சேர்ந்து குஞ்சு வளர்ப்பது உண்மையா?

உண்மை. ஹவாயின் ஓவாஹு தீவில் கயேனா முனையில் லேசான் ஆல்பட்ராஸ்களை மரபணு மூலம் பால் பிரித்துப் பார்த்தபோது, 31 சதவீத ஜோடிகள் இரண்டு பெண்களாக இருந்தன. 2008-இல் வெளியான முடிவு. பார்வைக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருப்பதால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

அது புதிதாக உருவான குடியிருப்பு, பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. இரண்டு பெண்களும் வேறு ஜோடிகளின் ஆண்களோடு இணைந்து முட்டையிடும். ஒரு கூட்டில் இரண்டு முட்டை வந்தாலும் ஒன்றைத்தான் அடைகாக்க முடியும், மற்றது வீண். அதனால் ஆண்–பெண் ஜோடியைவிட இவற்றின் குஞ்சுகள் குறைவு. ஆனால் துணையே இல்லாமல் சும்மா இருப்பதைவிட இது மேல். சில பெண்கள் பின்னால் ஆண் துணை கிடைத்ததும் மாறிக்கொண்டன. முறை மாற்றிக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்பதுதான் இங்கே அடிப்படைத் தேவை.

இனப்பெருக்க வெற்றி என்று எதை அளக்கிறார்கள்?

எத்தனை முட்டை, அதில் எத்தனை பொரிந்தது, எத்தனை குஞ்சு பறந்தது என்று பருவத்துக்குப் பருவம் எண்ணுவது வழக்கம். அது போதாது. பறந்த குஞ்சு பல ஆண்டு கடலில் தப்பிப் பிழைத்து, திரும்ப வந்து தானும் முட்டையிட்டால்தான் கணக்கு முழுமையாகும். அதற்காகத்தான் பல பத்தாண்டுகள் ஒரே குடியிருப்பைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். தாஸ்மானியா அருகே பிஷர் தீவில் குட்டைவால் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை பற்றிய ஆய்வு 1947-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் ஐன்ஹாலோ தீவில் ஃபுல்மார் ஆய்வு 1950-இல். ஐன்ஹாலோவில் ஆய்வாளர் ஜார்ஜ் டன்னட் ஒரே ஃபுல்மாரைக் கையில் பிடித்தபடி 1951-இலும் 1986-இலும் எடுத்த இரண்டு படங்கள் பிரசித்தம். அவர் இளைஞரிலிருந்து முதியவராகியிருக்கிறார். பறவையில் ஒரு மாற்றமும் தெரியாது.

இப்படி நெடுநாள் பார்த்ததில் தெரிந்த முக்கியமான விஷயம், எல்லாப் பறவைகளும் சமமாகக் குஞ்சு வளர்ப்பதில்லை. அடுத்த தலைமுறையின் பெரும்பகுதி ஒரு சில பறவைகளிடமிருந்தே வருகிறது. பல பறவைகள் வாழ்நாளில் ஒரு குஞ்சைக்கூடப் பறக்கவிடாமல் போய்விடுகின்றன.

வயதும் அனுபவமும் எவ்வளவு முக்கியம்?

நிறையவே. முதல் முறை முட்டையிடும் பறவைகள் அடிக்கடி தோற்கும். எங்கே இரை, எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பழக ஆண்டுகள் ஆகும். நடுவயதில் நன்றாக வளர்க்கும், முதுமையில் பல இனங்களில் மறுபடி சரியும். சில ஆண்டு முட்டையிடாமல் இருப்பதும் தோல்வி ஆகாது. நாற்பது ஐம்பது ஆண்டு வாழும் பறவைக்கு, மோசமான ஓராண்டில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதே லாபம்.

இரண்டு குஞ்சு பொரிந்தால் ஒன்றை மற்றது கொல்வது ஏன்?

நாஸ்கா பூபியில் இது ஏறக்குறைய தவறாமல் நடக்கும். முதல் முட்டைக்குச் சில நாள் கழித்து இரண்டாவது பொரியும். மூத்த குஞ்சு சில நாளிலேயே இளையதைக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடும், பெற்றோர் தடுப்பதில்லை. முதல் முட்டை பொரியாமல் போனால் கைகொடுக்கவே இரண்டாவது முட்டை. நீலக்கால் பூபியில் அது இரையைப் பொறுத்தது. மூத்த குஞ்சின் எடை இருக்க வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் கொத்து கடுமையாகும். மீன் தாராளமாகக் கிடைத்தால் இரண்டும் பிழைக்கும். பார்க்க மனம் பதறும் காட்சிதான்.

நல்ல ஜோடி இருந்தும் தோற்பது உண்டா?

அடிக்கடி. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மீன் ஆழத்துக்கோ வேறு பக்கமோ போய்விடும், மொத்தக் குடியிருப்பே குஞ்சுகளைக் கைவிடும். மனிதர்கள் கொண்டுவந்த எலிகளும் பெரிய காரணம். தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில் வீட்டுச் சுண்டெலிகள் டிரிஸ்டன் ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அந்தக் குஞ்சுக்கு எதிரி என்றால் என்னவென்று தெரியாது, உட்கார்ந்தபடியே இருக்கும். 2021-இல் அங்கே சுண்டெலிகளை ஒழிக்க எடுத்த முயற்சி வெற்றி பெறவில்லை. சவுத் ஜார்ஜியா தீவில் எலி ஒழிப்பு வெற்றி பெற்று, 2018-இல் எலி இல்லாத தீவாக அறிவிக்கப்பட்டது.

அப்புறம் தூண்டில் கப்பல்கள். பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்கள் தொங்கும். இரையைக் கவ்வும் ஆல்பட்ராஸ் அதோடு நீருக்குள் இழுபட்டு மூழ்கிவிடும். குரோசேயின் வாண்டரிங் ஆல்பட்ராஸ் பெண்கள் ஆண்களைவிட வடக்கே, இந்தக் கப்பல்கள் அதிகம் திரியும் கடலில் இரை தேடுவதால் அதிகம் சாகின்றன. அங்கே ஆண்கள் மிகுந்திருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு பெண் செத்தால் ஒரு முட்டையும் போகிறது, ஒரு ஆண் பல ஆண்டு துணையின்றி அலைகிறது. இரவில் கயிறு விடுவது, கயிற்றுக்கு எடை கட்டிச் சீக்கிரம் மூழ்க வைப்பது, பறவையை விரட்டும் வண்ண நாடாக்களைக் கட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்தச் சாவுகளைப் பெருமளவு குறைக்க முடியும். செலவும் அதிகம் இல்லை. எல்லாக் கப்பல்களும் செய்யவில்லை என்பதுதான் வேதனை.

பொம்மைப் பறவை வைத்து உண்மைப் பறவைகளை வரவழைக்க முடியுமா?

முடியும். கடற்பறவைகள் மற்றவை இருக்கும் இடத்தில்தான் துணை தேடும், காலியான தீவில் இறங்கத் தயங்கும். அமெரிக்காவின் மேய்ன் கடற்கரையில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற தீவில் வேட்டையால் பஃபின் என்ற வண்ண அலகுக் கடற்பறவைகள் அற்றுப்போயிருந்தன. பறவை ஆய்வாளர் ஸ்டீவ் கிரெஸ் 1973-இல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளைகளில் வைத்துக் கையால் மீன் ஊட்டி வளர்த்தார். வளர்ந்து கடலுக்குப் போனவை திரும்பி இறங்க, பாறை மேல் மரப் பஃபின்களை நிறுத்தினார். 1981-இல்தான் அங்கே முதல் ஜோடி குஞ்சு வளர்த்தது, அதாவது எட்டு ஆண்டு காத்திருப்பு. ஒரு பஃபின் அலகு நிறைய மீனோடு வளைக்குள் நுழைவதைப் பார்த்துத்தான் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

குடியிருப்பைப் பார்க்கப் போனால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

அங்குள்ள காவலர்கள் சொல்லும் தூரத்தில். அவர்கள் இல்லாத இடமானால், பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் ஏற்கனவே நெருங்கிவிட்டீர்கள், பின்னால் வாருங்கள். அடைகாக்கும் பறவையை எழுப்பவே கூடாது. கடற்காகம் அதற்காகத்தான் மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். கடலிலிருந்து வரும் பறவை இறங்கி நடக்கும் பாதையிலும் நிற்காதீர்கள். கூட்டில் ஒன்று பல நாள் பட்டினியோடு அதற்காகக் காத்திருக்கிறது.